நம்மாளு யாராச்சும் நிக்கிறாங்களா?

2025 ஏப்ரல் மாதக் கடைசி வாரம். தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் விடுதி அறையில் விழித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் பாட்டி தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, சிங்கப்பூர்ல எலக்ஷனாமே? நம்மாளு யாராச்சும் நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க பாட்டி."

"எத்தனை பேரு?"

எண்ணத் தொடங்கினேன். ஐந்தாவது விரலிலேயே சிக்கல் வந்துவிட்டது. பஞ்சாபியரைச் சேர்ப்பதா? மலையாளியைச் சேர்ப்பதா? பெயரில் தமிழ் இருக்கிறது, ஆனால் மேடையில் ஒரு சொல்கூடத் தமிழில் பேசிக் கேட்டதில்லை. அவரை என்ன செய்வது? தமிழ் முஸ்லிம் ஒருவர் இருந்தால் அவர் எந்தக் கணக்கில் வருவார்? "அப்புறம் எண்ணிச் சொல்றேன் பாட்டி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சங்க வெளியீட்டுக்குக் கட்டுரை ஒன்று தர முடியுமா என்று அக்காமார்கள் கேட்டபோது அந்த எண்ணாத கணக்குதான் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் நண்பர்களுக்கு எங்கள் ஊர்த் தேர்தல் எப்படி நடக்கிறது என்று தெரிவதில்லை. என்னைப் போல் பாலம் தாண்டி வந்தவர்களுக்கு இங்குள்ள குழுத்தொகுதி முறை முதலில் புதிராக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "நம்மாளு" என்பவர் யார், அவர் எப்படி நாடாளுமன்றம் போகிறார் என்பது ஓரளவு விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடநூலில் எங்கள் ஊர் வருவதே 1948 ஜூன் மாதம் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட இடத்தில்தான். அந்தப் பக்கத்தை ஆசிரியர் வாசித்தபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது, ஏதோ நான் சுட்டதுபோல!

அந்த மண்ணிலேயே பிறந்திருந்தும் பாட்டியிடம் நெடுங்காலம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. மலேசிய நண்பர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: நீல அட்டை குடிமக்களுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிகளுக்கு. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், பதிவு செய்யும் காலத்தைத் தவறவிட்டவர்கள், மலாய்மொழித் தேர்வுக்குப் பயந்தவர்கள் என்று தோட்டப்புறத்தில் சிவப்பு அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் நிறைய உண்டு. ம.இ.கா. கிளைத் தலைவர் ஒருவர் பாரம் எழுதிக் கொடுத்து, கூடவே அலுவலகத்துக்கும் அலைந்து, 1980களில் பாட்டிக்கு நீல அட்டை கிடைத்தது. அவர் முதன்முதலாக வாக்களித்தது 1986 பொதுத் தேர்தலில். அந்த அட்டையை இன்றுவரை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கு அவர் ஏன் விசுவாசமாக இருந்தார் என்று கேட்டு முகம் சுளிக்கும் என் தலைமுறைக்கு இந்த ஒரு காட்சி போதும் என்று நினைக்கிறேன். ஓட்டு அவருக்குச் சும்மா வந்த பொருளன்று.

சுங்கை சிப்புட் சாதாரணத் தொகுதியும் இல்லை. துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. 1959 தொடங்கி 1974 வரை அவரே அதன் நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்குப் பின் 1974இல் சாமிவேலு வந்தார். எட்டுப் பொதுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். 2008 மார்ச் 8இல் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் அவரைத் தோற்கடித்தார். 2007 நவம்பர் 25 கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் பேரணி நடந்து நான்கே மாதம் ஆகவில்லை. அந்தத் தேர்தலில் ம.இ.கா. போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் 3இல்தான் வென்றது. அதற்கு முந்திய 2004 தேர்தலில் ஒன்பதையும் வென்ற கட்சி அது! 2018இல் 2 ஆகி, 2022இல் தாப்பா ஒன்றோடு நின்றது.

இதைப் படிக்கும் சிங்கப்பூர் நண்பர்கள், சுங்கை சிப்புட்டில் தமிழர்கள்தாம் பெரும்பான்மை என்று முடிவு கட்டியிருப்பார்கள். என் அறைத் தோழியும் அப்படித்தான் நினைத்தாள். உண்மை வேறு. அங்கே இந்திய வாக்காளர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மற்றவர்கள் மலாய்க்காரர்கள், சீனர்கள், பூர்வகுடி மக்கள். இன்னும் சொல்லப்போனால், மலேசியாவின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது.

காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை. 1957இல் மலாயா மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 11 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் 7 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் ஒரே இடத்தில் கூடி வாழ்ந்தால் 7 விழுக்காடும் சில தொகுதிகளை நிரப்பும். நாங்கள் கூடி வாழ்ந்த இடங்கள் தோட்டங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. லயத்து வீட்டில் வரிசையாகக் குடியிருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கும் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கும் சிதறினார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்தது. பழைய லயத்தில் எதிர்வீடு, அடுத்த வீடு என்று இருந்தவர்கள் இன்று மூன்று தொகுதிகளில் வாக்களிக்கிறார்கள்.

அப்படியானால் "நம்மாளு" எப்படி வெல்கிறார்? கட்சிகளின் தொகுதிப் பங்கீடு வழியாக. தேசிய முன்னணி தன் உறுப்புக் கட்சியான ம.இ.கா.வுக்குச் சில தொகுதிகளை ஒதுக்கும். அங்கே நிற்கும் தமிழருக்குக் கூட்டணியின் மலாய் வாக்குகள் விழ வேண்டும். அப்போதுதான் அவர் கரையேறுவார். எதிரணியிலும் ஜனநாயக செயல் கட்சி, கெஅடிலான் போன்ற பல்லினக் கட்சிகள் இந்திய வேட்பாளரை நிறுத்தும்; சீன வாக்குகளும் மலாய் வாக்குகளும் அவரைத் தூக்கிவிட வேண்டும். ஆக, இரு பக்கத்திலும் தமிழ் உறுப்பினர் ஒருவர் பிறர் வாக்கில் வென்று, நம் பெயரில் பேசுகிறார். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் தீர்மானமாகிறது. மேசையில் பலம் குறைந்தால் தொகுதியும் குறையும்.

இடையில் ஒன்று. ம.இ.கா. 1946இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஜான் திவி. அடுத்து வந்தவர் புத் சிங் என்ற பஞ்சாபியர். பெயரிலேயே "இந்தியர்" என்று வைத்துக்கொண்ட கட்சிதானே! தோட்டத் தொழிலாளியின் தமிழ் அங்கே தலைமை மேடையில் உரத்து ஒலித்தது சம்பந்தன் காலத்தில். "நம்மாளு" என்றால் தமிழர் என்று பாட்டி எடுத்துக்கொள்வதற்கு அந்தக் காலம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இனி என் முதல் வாக்கு. அரசமைப்புச் சட்டத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. 2018இல் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர்கள் 2022இல் 21 மில்லியனைத் தாண்டினார்கள். அந்தப் புதுக்கூட்டத்தில் 19 வயதில் நானும் ஒருத்தி. படிவம் ஆறில் படித்துக்கொண்டிருந்தேன்.

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. எனக்கும் பாட்டிக்கும் ஒரே வாக்களிப்பு மையம். அது நான் ஆறாண்டு படித்த தமிழ்ப்பள்ளி. காலை எட்டு மணிக்கே பாட்டி வெள்ளைப் புடவையில் தயாராகிவிட்டார், கோயிலுக்குப் போவதுபோல. உள்ளே நுழைந்ததும் எங்களைப் பிரித்துவிட்டார்கள். மலேசியாவில் ஒவ்வொரு மையத்திலும் பல வாக்களிப்பு அறைகள் உண்டு; "சாலுரான்" என்போம். வாக்காளர்கள் வயதுப்படி பிரிக்கப்படுவார்கள். மிக மூத்தவர்கள் முதல் சாலுரான். மிக இளையவர்கள் கடைசி. பாட்டி அலுவலகத்துக்குப் பக்கத்து அறைக்குப் போனார். நான் பின்கட்டடத்துக்குப் போனேன். அது என் மூன்றாம் ஆண்டு வகுப்பறை.

அந்த வரிசையை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு முன்னால் என் இடைநிலைப்பள்ளித் தோழி, மலாய்ப் பெண். அவளுக்கு முன்னால் சீன இளைஞர் இருவர். எங்கள் பள்ளிக்குள் அவர்கள் யாரும் அதற்குமுன் கால் வைத்ததில்லை. சுவரில் உயிரெழுத்து அட்டவணை தொங்கியது. "நீ சின்ன வயசுல இதையெல்லாம் மனப்பாடம் பண்ணினியா?" என்று அவள் மலாயில் கேட்டாள். பன்னிரண்டையும் சொல்லிக் காட்டினேன். "ஐ"க்கும் "ஔ"வுக்கும் சிரித்தாள். பிறகு இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துக்கொண்டு, நான் முன்பு பெருக்கல் வாய்ப்பாடு எழுதிய அறையில் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் தொகுதியில் அன்று தேசிய முன்னணி சார்பில் நின்றவர் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரன். நம்பிக்கைக் கூட்டணி சார்பில் நின்றவர், 2018இல் வென்றிருந்த கேசவன். இருவருமே நம்மாளு! 2018இலும் அப்படித்தான். பாட்டியின் கேள்விக்குச் சுங்கை சிப்புட்டில் எப்போதுமே "ஆம்" என்றுதான் விடை. ஆகவே அந்தக் கேள்வியை வைத்து அங்கே யாரும் முடிவெடுக்க முடியாது. தமிழ்ப்பள்ளிக்கு யார் என்ன செய்தார், விலைவாசி, நிலப்பட்டா, கட்சித் தாவல் என்று அடுத்த கேள்விகளுக்குப் போயே ஆக வேண்டும். கேசவன்தான் மறுபடியும் வென்றார். பாட்டி யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் தோசைக் கடையில் மைபடிந்த இரண்டு விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணன் படம் பிடித்தான்.

2023 ஆகஸ்ட் மாதம் இங்கே வந்து சேர்ந்தேன். வந்த மூன்றாவது வாரம் அதிபர் தேர்தல். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பத்தில் தர்மன் சண்முகரத்னம் சிரித்துக்கொண்டிருந்தார், சின்னம் அன்னாசிப்பழம். தமிழர் ஒருவர் ஏன் அன்னாசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? தோழிதான் விளக்கினாள். ஹொக்கியென் மொழியில் அன்னாசி "ஒங் லாய்". அது "வளம் வருக" என்று ஒலிக்கும். சீனர்கள் புதுவீடு புகும்போது அன்னாசியை உருட்டிவிடுவார்களாம். செப்டம்பர் 1 அன்று அவருக்கு 70.4 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்தன. அது எந்த இனத்துக்கும் ஒதுக்கப்பட்ட தேர்தலன்று. மற்ற வேட்பாளர் இருவரும் சீனர்கள். பாட்டியிடம் சொன்னபோது, "யாழ்ப்பாணத்து ஆளா?" என்று மட்டும் கேட்டார். ஊர் பிரிப்பதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

என் தோழிக்கு அந்த வெற்றி போதுமான சான்று. "இனம் பார்த்து ஓட்டுப் போடுற காலம் முடிஞ்சிருச்சு" என்றாள். அப்படியானால் குழுத்தொகுதி எதற்கு என்று கேட்டேன். அவளிடம் உடனே பதில் இல்லை. அதைத் தேடப் போய்த்தான் நான் கீழே எழுதுவதைக் கற்றேன்.

குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது. வாக்காளர்கள் தங்கள் இனத்தவருக்கே வாக்களிக்கும் போக்கு வளர்ந்தால் சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போய்விடுவார்கள் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். முதலில் மூவர் கொண்ட 13 குழுத்தொகுதிகள். 2025 தேர்தலில் நால்வர் அல்லது ஐவர் கொண்ட 18 குழுத்தொகுதிகளும் 15 தனித்தொகுதிகளுமாக மொத்தம் 97 இடங்கள். குழுவில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும். ஐந்தில் மூன்று பங்குக் குழுத்தொகுதிகளில் அவர் மலாய்க்காரராக இருக்க வேண்டும்; மற்றவற்றில் இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினர்.

இதில் என்னை வியக்கவைத்த பகுதி சான்றிதழ். வேட்பாளர் தாமே "நான் இந்தியர்" என்று சொன்னால் போதாது. இந்தியர் மற்றும் பிற சிறுபான்மைச் சமூகங்களுக்கான குழு ஒன்று உண்டு. அது அவரை அச்சமூகத்தவர் என்று ஏற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். வேட்புமனுவோடு அது போக வேண்டும். மலாய்ச் சமூகத்துக்குத் தனிக்குழு. எங்கள் ஊரில் பேரம் பேசி நடப்பதை இங்கே முத்திரை குத்தி நடத்துகிறார்கள். இது சிறுபான்மையினரைக் காக்கிறது என்பார் உண்டு. ஐந்து பேரைச் சேர்க்க முடியாமல் எதிர்க்கட்சிகளைத் திணறவைத்தது என்பாரும் உண்டு. 2011இல் பாட்டாளிக் கட்சி அல்ஜுனிட்டை வெல்லும்வரை எந்த எதிர்க்கட்சியும் எந்தக் குழுத்தொகுதியையும் பிடித்ததில்லை. குழுத்தொகுதி வருவதற்கு முன்பே, 1981இல், ஜெ. பி. ஜெயரத்னம் ஆன்சன் தனித்தொகுதி இடைத்தேர்தலில் பெரும்பாலும் சீனர் வாக்கால் வென்றிருக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், இந்தச் சட்டம் ஓர் இந்திய முகம் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறது. பேரத்தைவிட அது மேல். 2020 தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் புதுமுகங்களில் ஓர் இந்தியர்கூட இல்லை என்று பலர் குறைபட்டுக்கொண்டார்கள். அப்போதும் நாடாளுமன்றத்தில் இந்தியர் இருந்தார்கள்; பழைய உறுப்பினர்கள் இருந்தார்கள். 2025இல் புதுமுகங்களும் வந்தார்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழில் தமிழ் எங்கே? கிடையாது. "இந்தியரும் பிற சிறுபான்மையினரும்" என்ற பெட்டிக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபியர், குஜராத்தியர், யுரேசியர் எல்லாரும் அடக்கம். எங்கள் ஊரில் பிறப்புப் பத்திரத்தில் "இந்தியா" என்று போடுவார்கள். நான் இந்தியாவைப் பார்த்ததில்லை என்பது வேறு கதை. இரண்டு நாட்டிலும் தேர்தல் எண்ணுவது "இந்தியரை". பாட்டி கேட்பது தமிழரை. என் விரல் ஐந்தில் நின்றது அதனால்தான்.

இங்கே வசிப்பிடமும் ஒரு காரணம். 1989இல் வீவக வீடுகளுக்கு இன விகிதக் கட்டுப்பாடு வந்தது. ஒரு புளோக்கில், ஒரு வட்டாரத்தில் ஒவ்வோர் இனமும் இவ்வளவுதான் என்று வரம்பு. எங்களைத் தோட்டம் அழிந்து சிதறடித்தது. இங்கே சட்டம் கலந்துவிட்டது. விளைவு கிட்டத்தட்ட ஒன்று. எந்த வேட்பாளரும் தமிழரை மட்டும் நம்பி எங்கும் வெல்ல முடியாது. ஆகவே எந்த வேட்பாளருக்கும் தமிழில் பேசியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை.

வருகிறேன், மொழிக்குத்தான் வருகிறேன்.

சிங்கப்பூரில் தேர்தல் காலத்தில் கட்சிகளின் அரசியல் ஒளிபரப்பு நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வரும். 2025இல் தமிழ் ஒளிபரப்பை நானும் தோழியும் மடிக்கணினியில் பார்த்தோம். எனக்கு ஆசையாக இருந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒழுங்காக நேரம் ஒதுக்கித் தமிழில் எல்லாக் கட்சியும் பேசி நான் பார்த்ததில்லை. தோழிக்கு ஐந்தாவது நிமிடத்தில் கொட்டாவி. "வாழ்வாதாரம்னா என்ன?" என்றாள். சொன்னேன். அடுத்த நிமிடம் பேச்சாளர் "பற்றுச்சீட்டு" என்றார், நான் விழித்தேன். எங்கள் ஊரில் பற்றுச்சீட்டு என்றால் பணம் கட்டியதற்குத் தரும் ரசீது. இங்கே அது கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் வவுச்சர்! இப்போது விளக்கம் சொன்னது அவள். இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுடைய அரசியல் தமிழ், வீட்டுக்கு வரும் துண்டறிக்கையிலிருந்து வந்தது; அது மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பிறக்கிறது, பிழையின்றி அச்சாகிறது. என் அரசியல் தமிழ், லாரியில் ஒலிபெருக்கி கட்டிய செராமா கூட்டங்களில் கிடைத்தது. தாத்தா முற்றத்தில் தமிழ் நேசனை உரக்க வாசித்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு திட்டு சேர்ப்பார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றபோது தாத்தா உயிரோடு இல்லை. நல்லவேளை என்று பாட்டி சொன்னார். "வேட்பாளர்", "வைப்புத்தொகை", "பெரும்பான்மை", "இடைத்தேர்தல்" எல்லாம் நான் பள்ளியில் படித்த சொற்கள் அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழ் முடிந்தது. அதற்குமேல் மக்களாட்சி, கூட்டரசு, அரசமைப்பு யாவற்றையும் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்றேன். தமிழ் பாடமாக இருந்தது. வாரத்துக்குச் சில பாடவேளைகள், அவையும் பள்ளி முடிந்த பிறகு. 2022 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத அந்த ஐந்து நாள்களில் "தொங்கு நாடாளுமன்றம்" என்ற சொல்லை வானொலியில் கேட்டு, ஏதோ கயிற்றில் தொங்குவதாக என் தம்பி படம் வரைந்தான்.

சங்கத்தில் ஒருமுறை என்னை இந்தத் தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வணக்கம் சொல்லித் தொடங்கினேன். மூன்றாவது நிமிடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டேன். கேட்டவர்களும் ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்டார்கள். எல்லாரும் தமிழர். கேள்விகள் அருமையானவை. கடைசியில் மறுபடியும் தமிழில் நன்றி சொன்னேன். அன்று இரவு வெட்கமாக இருந்தது. வேட்பாளர்கள் தமிழில் "வணக்கம்" மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று கேலி செய்தவள் நான்.

2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 ஆக இருந்தது. ஆக, இங்கே இந்திய முகம் நாடாளுமன்றத்தில் நிலைத்திருக்க, வீட்டில் தமிழ் குறைகிறது. எங்கள் ஊரில் ம.இ.கா.வின் இடங்கள் ஒன்பதிலிருந்து ஒன்றாகச் சுருங்க, 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. மாணவர் குறைந்த பள்ளிகள் பல உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள்: ஆள் இருந்தால் மொழி இருக்கும். நான் பார்த்தவரையில் அந்தக் கயிறு அத்தனை உறுதியானதாகத் தெரியவில்லை. சுங்கை சிப்புட்டில் தமிழ் மேடை உயிரோடு இருப்பதற்குக் காரணம், இரண்டு தமிழர்கள் ஒருவரையொருவர் தமிழில் தாக்கிக்கொள்வதும், கீழே நிற்கும் பாட்டிமார்கள் அதற்குத் தமிழிலேயே மறுப்புச் சொல்வதும்தான். நாம் சண்டை போடும் மொழி எதுவோ அதுவே நம் அரசியலின் மொழி. நானும் தோழியும் சண்டை போடுவது ஆங்கிலத்தில்.

இரு நாடும் ஒரு காலத்தில் ஒரே கூட்டரசில் இருந்தன என்பதை நம்மில் பலர் மறந்திருக்கிறோம். 1964 மலேசியப் பொதுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் போட்டியிட்டு ஒரே ஓர் இடத்தில் வென்றது: கோலாலம்பூர், பங்சார். வென்றவர் மலாக்காவில் பிறந்த மலையாளியான தேவன் நாயர். பிரிவினைக்குப் பின் அங்கே உருவான ஜனநாயக செயல் கட்சியின் முதல் தலைமைச் செயலாளர் அவர். 1981இல் சிங்கப்பூரின் அதிபரும் அவரே. அவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி, "ஊர் திரும்புவோம்" என்ற நினைப்பிலேயே இருந்த தமிழர்களைக் குடியுரிமை எடுக்கும்படி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் வற்புறுத்தியது ஓர் அட்டைக்காக. எங்கள் பாட்டி சாமி மாடத்தில் வைத்திருப்பதும் அதே போன்ற அட்டைதான்.

முன்னாள் மாணவர்களில் என்னைப் போல் வந்து, இங்கேயே நிரந்தரவாசியாகி, பிறகு கடப்பிதழும் மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஓர் அண்ணன் சொன்னார்: "அங்க ஓட்ட விட்டுட்டேன், இங்க ஓட்டு கெடச்சிருச்சு. ஆனா இங்க பேச வரல, அங்க பேச உரிமை இல்ல." இன்னும் முடிவெடுக்காத எனக்கு அந்த வாக்கியம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 2025இல் விடுதியில் எல்லாரும் முடிவுகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு மாணவியான நான் நொறுக்குத்தீனி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மக்கள் செயல் கட்சி 87, பாட்டாளிக் கட்சி 10 என்று முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

மறுநாள் பாட்டியை அழைத்தேன். எண்ணிக்கை கேட்பார் என்று தயாராக இருந்தேன்; இந்தியர் இத்தனை, அதில் தமிழர் இத்தனை என்று தனித்தனியாகத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. தமிழ் ஒளிபரப்பில் ஒரு பகுதியைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டார். "நல்லாத்தான் பேசுறாங்க. ரேடியோ மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "வீட்டு வெல ஏறுதுன்னு சொன்னியே, அதுக்கு என்ன பதில் சொன்னாங்க?" என்று கேட்டார். ஒளிபரப்பில் கேட்டதைத் தமிழில் விளக்கப் பார்த்தேன். திணறித் திணறி, இரண்டு இடத்தில் மலாய்ச் சொல் போட்டு, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் வாதம் நடந்தது.

"நம்மூருல அடுத்தது எப்ப?"

"2028 தொடக்கத்துக்குள்ள நடத்தியாகணும் பாட்டி."

"நீ வருவியா?"

"வருவேன்."

"அப்ப பஸ் டிக்கெட்ட முன்னாடியே எடுத்து வச்சுக்க" என்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் சின்ன மாமாவை நினைத்துச் சொல்கிறார். 2022இல் வேறு பல நாடுகளில் இருந்த மலேசியர்கள் அஞ்சலில் வாக்களிக்க முடிந்தது. பக்கத்து நாடு என்பதால் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. "போன தடவ டிக்கெட்டு கெடைக்காம உங்க மாமா ஜொகூர்ல ராத்திரி பூரா உக்காந்திருந்தான். விடிஞ்சு வந்து சேந்து, குளிக்காம கொள்ளாம நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனான். இத்தன பாடுபட்டு யாருக்குடா போட்டன்னு கேட்டா, சொல்ல மாட்டேங்கிறான்."